5 கப்பல்களில் கிளம்பினார்கள்... 18 பேர் திரும்பினார்கள்: மெகல்லனுக்கு என்ன ஆனது?

உலகை முதன்முதலில் கப்பலில் சுற்றி வந்தவர் யார்? போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில், பெர்டினாண்ட் மெகல்லன். இந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கு. மெகல்லன் அந்தப் பயணத்தை முடிக்கவே இல்லை. பாதி வழியில், இன்றைய பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒரு தீவின் கரையில் 1521-ல் கொல்லப்பட்டார். கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் வேறொருவர். அவர், நடுவழியில் மெகல்லனுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, அதே மெகல்லனால் மன்னிக்கப்பட்டவர்!

கிளம்பும்போது 5 கப்பல்கள், சுமார் 240 பேர். மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது ஒரே கப்பல், 18 பேர். புயல், பட்டினி, நோய் எல்லாம் காரணம்தான். ஆனா, இந்தப் பயணத்தின் பெரிய பிரச்னை ஒன்று, நங்கூரம் எடுப்பதற்கு முன்பே துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டது. அது என்ன? பார்ப்போம்.

யார் இந்த மெகல்லன்?

1480-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போர்ச்சுக்கல் நாட்டின் வடபகுதியில், சிறிய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே லிஸ்பன் அரண்மனையில் ராணிக்கு ஏவலராகச் சேர்க்கப்பட்டார். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து போன செய்தி லிஸ்பனைக் கலக்கிய காலம் அது. இளைஞர்கள் எல்லாருக்கும் கிழக்கே போகணும் என்ற கனவு.

மெகல்லனுக்கு அந்த வாய்ப்பு 1505-ல் வந்தது. பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா தலைமையில் இந்தியாவுக்குக் கிளம்பிய படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். கேரளக் கடற்கரை, 1509-ல் குஜராத்தின் டையூ கடற்போர், 1511-ல் மலாக்காவைப் போர்ச்சுக்கீசியர் பிடித்த போர் எனப் பல இடங்களில் சண்டையிட்டார். மலாக்காவில்தான் என்ரிக் என்ற இளைஞரை அடிமையாக வாங்கினார். மலாய் மொழி தெரிந்த இந்த என்ரிக், கதையில் பின்னால் முக்கியமான இடத்தில் வருவார்.

மெகல்லனின் நெருங்கிய நண்பர் பிரான்சிஸ்கோ செர்ரோ. அவர் மலாக்காவையும் தாண்டிப் போய், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள டெர்னாட்டே தீவில் தங்கிவிட்டார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள்தான் மெகல்லனின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டன.

கிராம்புக்காக இவ்வளவு பெரிய பயணமா?

ஆமாம். இன்று மளிகைக் கடையில் சின்ன பாக்கெட்டில் கிடைக்கும் கிராம்பு, அந்தக் காலத்தில் மலுக்கு தீவுகளில் மட்டுமே விளைந்தது. டெர்னாட்டே, டிடோர் எல்லாம் அந்தத் தீவுகள்தான். பல கை மாறி ஐரோப்பா வந்து சேரும்போது விலை எங்கேயோ போய்விடும். நேரடியாகப் போய் வாங்கி வந்தால் கொள்ளை லாபம்.

இதில் ஓர் அரசியலும் இருந்தது. 1494-ல் ஸ்பெயினும் போர்ச்சுக்கல்லும் டோர்டெசிலாஸ் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. அட்லான்டிக் கடலில் வடக்கு தெற்காக ஒரு கற்பனைக் கோடு. கோட்டுக்குக் கிழக்கே போர்ச்சுக்கல்லுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. அங்கெல்லாம் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூமி உருண்டை என்பதால் இந்தக் கோடு மறுபக்கமும் எங்கேயோ விழணும். ஆனா, எங்கே விழும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

மெகல்லனின் திட்டம் இதுதான்: ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் மேற்கே போவது. அமெரிக்கக் கண்டத்தின் தெற்கில் ஒரு கடல்வழியைக் கண்டுபிடித்து, அதன் வழியாக மலுக்கு தீவுகளை அடைவது.

சொந்த நாட்டை விட்டு ஏன் போனார்?

மொராக்கோவில் நடந்த சண்டையில் மெகல்லனுக்குக் காலில் காயம். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். அங்கே எதிரிகளுடன் சட்டவிரோதமாக வியாபாரம் செய்ததாகக் குற்றச்சாட்டும் வந்தது. மன்னர் முதலாம் மானுவலிடம் உதவித்தொகையைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார். கிடைக்கவில்லை. கிழக்கே போகும் கப்பல் ஒன்றுக்குத் தலைமை கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை.

1517-ல் எல்லையைத் தாண்டி ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போனார். அங்கே குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியரான டியோகோ பார்போசாவின் மகள் பியட்ரிஸைத் திருமணம் செய்தார். 1518 மார்ச் 22 அன்று, பதின்ம வயதில் இருந்த ஸ்பெயின் மன்னர் முதலாம் சார்லஸ் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். 5 கப்பல்களும், இரண்டு ஆண்டுகளுக்கான உணவும் அரசு தரும். புதிய நிலங்களில் இருந்து வரும் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு, மெகல்லனுக்கும் அவருடைய கூட்டாளியான ருய் ஃபலேரோவுக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, கையெழுத்தானதில் இருந்து கடலில் இறங்க ஒன்றரை ஆண்டு ஆனது.

கப்பலில் என்னென்ன ஏற்றினார்கள்?

வாங்கியவை எல்லாம் பழைய கப்பல்கள். பழுது பார்த்து, பலகை இடுக்குகளை அடைத்து, தார் பூசித் தயார் செய்தார்கள். தலைமைக் கப்பல் டிரினிடாட். மற்றவை சான் அன்டோனியோ, கன்செப்சியோன், விக்டோரியா, சான்டியாகோ. இருப்பதிலேயே பெரியது சான் அன்டோனியோ. அதுவே 120 டன்தான்!

உணவில் முதலிடம், கல் போல இறுகக் காய்ச்சிய ரொட்டி. அப்புறம் ஒயின், பயறு வகைகள், உப்பு போட்ட மீனும் இறைச்சியும், பாலாடைக்கட்டி, பூண்டு, தேன், உலர் திராட்சை. சில மாடுகளையும் உயிரோடு ஏற்றினார்கள். வழியில் பண்டமாற்று செய்ய கத்திகள், கண்ணாடிகள், துணிகள், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன மணிகள். திசை பார்க்க காந்த ஊசிகள், நேரம் பார்க்க மணல் கடிகாரங்கள், சூரியனின் உயரத்தை அளக்கும் கருவிகள்.

வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஓரளவு கணக்கிட முடியும். கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்று துல்லியமாகக் கணக்கிட அன்று வழியே இல்லை. மேற்கே போகும் ஒரு பயணத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

யாரெல்லாம் ஏறினார்கள்?

பொருள் சேர்ப்பதைவிட ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. எங்கே போகிறோம் என்றே தெளிவாகச் சொல்லப்படாத ஒரு பயணத்துக்கு யார் வருவார்கள்? ஸ்பெயின்காரர்கள் மட்டுமே போதவில்லை. இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ், ஜெர்மனி எனப் பல நாட்டு மாலுமிகள் சேர்ந்தார்கள். பீரங்கி இயக்க ஓர் ஆங்கிலேயர் வந்தார். இத்தாலியின் விசென்சா நகரைச் சேர்ந்த அன்டோனியோ பிகாஃபெட்டா, உலகம் பார்க்கும் ஆசையில் ஏறினார். அவர் எழுதிய குறிப்புகளால்தான் நமக்கு இந்தப் பயணம் இவ்வளவு விரிவாகத் தெரிகிறது.

பிரச்னை மேல்மட்டத்தில் இருந்தது. தலைவர் போர்ச்சுக்கீசியர், கப்பல்களோ ஸ்பெயினுக்குச் சொந்தம். இரண்டு நாடுகளுக்கும் போட்டி. 1518 அக்டோபரில் டிரினிடாட் கப்பலில் பறந்த மெகல்லனின் குலக் கொடியைப் போர்ச்சுக்கல் கொடி என்று நினைத்து, செவில் துறைமுகத்தில் ஒரு கும்பல் ரகளையே செய்தது. இன்னொரு பக்கம், போர்ச்சுக்கல் மன்னரின் ஆள் ஒருவர் அதே ஊரில் இருந்துகொண்டு பயணத்தைக் கெடுக்கப் பார்த்தார். மெகல்லன் ஸ்பெயினில் சந்தேகத்துக்குரியவர், போர்ச்சுக்கல்லில் துரோகி.

கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க நிலைமை மோசமானது. கூட்டாளி ஃபலேரோ பயணத்தில் இருந்து கழற்றிவிடப்பட்டார். போர்ச்சுக்கீசியர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது. சான் அன்டோனியோவின் தலைவராக ஹுவான் டி கார்டஹேனா நியமிக்கப்பட்டார். செல்வாக்கு மிகுந்த பிஷப் ஃபொன்சேகாவின் ஆள். கடல் அனுபவம் பெரிதாக இல்லை, ஆனால் மெகல்லனுக்குச் சமமான அதிகாரம் தனக்கு இருப்பதாக நினைத்தவர். கன்செப்சியோனுக்கும் விக்டோரியாவுக்கும் ஸ்பெயின்காரர்களே தலைவர்கள். அதாவது, 5 கப்பல்களில் 3 கப்பல்களின் தலைவர்களுக்கு மெகல்லன் மேல் நம்பிக்கை இல்லை.

கிளம்பிய நாள்

1519 ஆகஸ்ட் 10 அன்று செவில் நகரில் இருந்து கப்பல்கள் குவாடல்கிவிர் ஆற்றில் இறங்கின. ஆறு கடலில் கலக்கும் சான்லூகர் ஊரில் மேலும் சில வாரங்கள் காத்திருப்பு. அந்த இடைவெளியில், ஆகஸ்ட் 24 அன்று மெகல்லன் உயில் எழுதினார். தான் இறந்தால் என்ரிக் அடிமை நிலையில் இருந்து விடுதலை என்பது அதில் ஒரு பகுதி. செப்டம்பர் 20 அன்று 5 கப்பல்களும் கடலில் இறங்கின. மனைவியையும் கைக்குழந்தையையும் மெகல்லன் அதன்பிறகு பார்க்கவே இல்லை.

இரவில் கப்பல்கள் பிரிந்துவிடாமல் இருக்க அவர் போட்ட ஏற்பாடு எளிமையானது. டிரினிடாட் முன்னால் போகும், அதன் பின்பக்கத்தில் ஒரு விளக்கு எரியும், மற்றவை அதைப் பார்த்தே வரணும். பாயைக் குறைக்கணுமா, திசை மாறணுமா என்பதெல்லாம் எத்தனை விளக்கு எரிகிறது என்பதை வைத்துப் புரிந்துகொள்ளணும். ஒவ்வொரு மாலையும் மற்ற கப்பல்கள் அருகில் வந்து தலைவருக்கு வணக்கம் சொல்லி உத்தரவு வாங்கணும்.

ஆனால், எந்த வழியாகப் போகிறோம் என்பதை மட்டும் அவர் முழுசாக யாரிடமும் சொல்லவில்லை. பயணத்தின் நீளம் தெரிந்தால் ஆட்கள் பயந்து வர மறுப்பார்கள் என்பது அவர் கணக்கு என்கிறது பிகாஃபெட்டாவின் குறிப்பு. ஆள் சேர்க்க இந்த ரகசியம் உதவியிருக்கலாம். கடலில் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பியது.

கேனரி தீவுகளில் நின்றபோதே மாமனாரிடம் இருந்து எச்சரிக்கை வந்துவிட்டது: கப்பல் தலைவர்கள் உங்களுக்கு எதிராகத் திட்டம் போடுகிறார்கள், கவனம். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போனபோது, ஏன் இந்த வழி என்று கார்டஹேனா கேள்வி கேட்டார். பதில் இல்லை. மாலை வணக்கத்தை அவர் நிறுத்தினார். மெகல்லன் அவரைப் பிடித்துக் கைதியாக்கினார்.

ஈஸ்டர் இரவுக் கலகம்

1519 டிசம்பரில் இன்றைய ரியோ டி ஜெனிரோ. அங்கிருந்து தெற்கே தெற்கே போய், ஒவ்வொரு வளைகுடாவாகத் தேடியும் வழி கிடைக்கவில்லை. குளிர்காலம் வந்தது. 1520 மார்ச் 31 அன்று இன்றைய அர்ஜென்டினாவில் உள்ள சான் ஹூலியான் விரிகுடாவில் நங்கூரம் போட்டார்கள். குளிர் முடியும் வரை இங்கேதான், சாப்பாட்டு அளவும் குறைப்பு என்று உத்தரவு.

ஈஸ்டரை ஒட்டிய அந்த நாட்களில் 3 கப்பல்கள் கலகக்காரர்கள் கைக்குப் போயின. மெகல்லன் ஒரு சிறு படகில் கடிதம் கொடுத்து விக்டோரியாவுக்கு ஆள் அனுப்பினார். அதன் தலைவர் மெண்டோசா கடிதத்தைப் படிக்கும்போதே குத்திக் கொல்லப்பட்டார். விக்டோரியா கைக்கு வந்தது. விரிகுடாவின் வாயை அடைத்ததும் மற்ற இரண்டும் பணிந்தன. கன்செப்சியோன் தலைவர் கெசாடாவின் தலை துண்டிக்கப்பட்டது. கார்டஹேனாவும் ஒரு பாதிரியாரும் பின்னர் அந்தக் கரையிலேயே விட்டுவிடப்பட்டார்கள்.

மேலும் சுமார் 40 பேருக்கு மரண தண்டனை. ஆனால், அத்தனை பேரைக் கொன்றுவிட்டால் பாய்மரத்தை யார் இழுப்பது? தண்டனை கடின உழைப்பாக மாற்றப்பட்டது. அந்த 40 பேரில் ஒருவர்தான் ஹுவான் செபாஸ்டியன் எல்கானோ. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜலசந்தி கிடைத்தது, பெரிய கப்பல் போனது

வழி தேடி முன்னால் போன சான்டியாகோ மே மாதம் பாறைக் கரையில் சிதறியது. நல்லவேளையாக, அதில் இருந்தவர்கள் ஒருவரைத் தவிர எல்லாரும் பிழைத்தார்கள். அக்டோபர் 21 அன்று தேடிய வாசல் கடைசியில் கிடைத்தது. பனிமலைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் சுமார் 600 கிலோமீட்டர் நீர்வழி. இன்று அதன் பெயரே மெகல்லன் ஜலசந்தி.

ஆனா, பாதி வழியில் சான் அன்டோனியோவைக் காணோம். அதன் வழிகாட்டி எஸ்டெவோ கோமெஸ், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கப்பலை ஸ்பெயினுக்கே திருப்பிவிட்டார். இருப்பதிலேயே பெரிய கப்பல் என்பதால் உணவின் பெரும் பகுதியும் அதோடு போனது. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பதை இந்த இழப்புதான் தீர்மானித்தது.

3 மாதம் 20 நாள்

1520 நவம்பர் 28 அன்று 3 கப்பல்கள் புதிய கடலுக்குள் நுழைந்தன. கடல் அமைதியாக இருந்ததால் அதற்குப் பசிபிக் என்று பெயர் வந்தது. சில வாரங்களில் மலுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. கடலின் அகலம் யாருக்கும் தெரியாது.

புதிய உணவு கிடைக்காமல் 3 மாதம் 20 நாள். ரொட்டி தூளாகிப் புழு நெளிந்தது, எலி மூத்திர நாற்றம் அடித்தது. தண்ணீர் மஞ்சளானது. பாய்மரத்தில் கயிறு உராயாமல் இருக்கச் சுற்றியிருந்த மாட்டுத்தோலைக் கழற்றி, நாலைந்து நாள் கடலில் ஊறவைத்து, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். மரத்தூளும் சாப்பாடானது. எலி காசுக்கு விற்றது, அதுவும் போதவில்லை. ஈறு வீங்கிப் பல்லை மூடியது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அது, அன்று யாருக்கும் காரணம் தெரியாது. பிகாஃபெட்டா கணக்குப்படி 19 பேர் இறந்தார்கள். 1521 மார்ச் 6 அன்று குவாம் தீவு கண்ணில் பட்டது.

மக்தான் கரையில்

அடுத்து பிலிப்பைன்ஸ். இங்கே என்ரிக் மலாய் மொழியில் பேச, எதிரில் இருந்தவர்களுக்குப் புரிந்தது! மேற்கே கிளம்பியவர்கள் கிழக்கின் மொழி புழங்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். பூமியைச் சுற்ற முடியும் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மெகல்லன் அங்கேயே மலுக்குவுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால், செபு தீவின் தலைவர் ஹுமாபோனைக் கிறிஸ்தவராக்கி, அக்கம்பக்கத் தீவுகளும் அவருக்குப் பணியணும் என்றார். மக்தான் தீவின் தலைவர் லாப்புலாப்பு பணிய மறுத்தார். சண்டைக்கு நேரில் போக வேண்டாம் என்று ஆட்கள் கெஞ்சினார்கள். ஹுமாபோன் உதவிக்கு வந்தும், வேடிக்கை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

1521 ஏப்ரல் 27 காலை, ஆழமில்லாத கரை. படகுகள் அருகில் போக முடியவில்லை, பீரங்கி எட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போன சுமார் 50 பேரை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சூழ்ந்தார்கள். தன் ஆட்கள் படகுக்குப் பின்வாங்க நேரம் கொடுத்து நின்ற மெகல்லன் அங்கேயே விழுந்தார். உடலைக் கேட்டார்கள், தரவில்லை. லாப்புலாப்பு இன்று பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர்களில் ஒருவர்.

உயிலின்படி என்ரிக் அன்றே சுதந்திர மனிதர். ஆனால், புதிய தலைவர்களில் ஒருவரான துவார்த்தே பார்போசா அவரை விடவில்லை, மிரட்டினார் என்று பிகாஃபெட்டா எழுதுகிறார். மே 1 அன்று ஹுமாபோன் கொடுத்த விருந்தில் பார்போசா உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் என்ரிக் இருந்தார் என்பது பிகாஃபெட்டாவின் குற்றச்சாட்டு. என்ரிக் தரப்புக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

திரும்பி வந்தது யார்?

மூன்று கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. கன்செப்சியோனை அவர்களே எரித்தார்கள். மற்ற இரண்டும் 1521 நவம்பரில் டிடோர் சேர்ந்து கிராம்பு வாங்கின. டிரினிடாட் ஒழுகத் தொடங்கியதால் அங்கேயே நின்றது, பின்னர் போர்ச்சுக்கீசியர் கையில் சிக்கியது. விக்டோரியாவை இந்தியப் பெருங்கடல் வழியாக, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுபோகும் பொறுப்பை ஏற்றவர், மன்னிக்கப்பட்ட எல்கானோ.

1522 செப்டம்பர் 6 அன்று சான்லூகர் வந்து சேர்ந்தது விக்டோரியா. வழியில் நாள் தவறாமல் தேதி எழுதி வந்திருந்தும், கரையில் ஒருநாள் கூடுதலாக ஓடியிருந்தது! சூரியன் போகும் திசையிலேயே உலகைச் சுற்றினால் ஒருநாள் குறையும் என்பதை மனிதர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டது அப்போதுதான். இன்று நாம் பயன்படுத்தும் சர்வதேச தேதிக்கோடு இதே கணக்கைச் சரிசெய்யத்தான்.

அந்தக் கிராம்பு மூட்டைகளை விற்ற பணத்திலேயே பயணச் செலவு பெருமளவு ஈடாகிவிட்டது. எல்கானோவுக்கு உலக உருண்டை பொறித்த குலச்சின்னம் கிடைத்தது. மெகல்லனின் மனைவியும் மகனும் விக்டோரியா திரும்புவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஏற்கெனவே தப்பி வந்த சான் அன்டோனியோ ஆட்கள் அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மறுக்க வீட்டில் யாரும் மிச்சமில்லை. மலுக்கு மேல் ஸ்பெயின் கொண்டாடிய உரிமையும் 1529-ல் பணத்துக்குப் போர்ச்சுக்கல்லிடமே கொடுக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுக்கான உணவு, திசைகாட்டிகள், விளக்குச் சைகை வரை எல்லாவற்றையும் மெகல்லன் யோசித்து வைத்திருந்தார். கூட வருபவர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதில்தான் கணக்கு தப்பியது. கார்டஹேனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் கலகம் வந்திருக்காதா என்பதை இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், சான் அன்டோனியோ போகாமல் இருந்திருந்தால், பசிபிக்கில் மாட்டுத்தோலைத் தின்றவர்களுக்குக் கொஞ்சமாவது ரொட்டி இருந்திருக்கும்.